காத்தமுத்து அண்ணனின் முதுகு

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறிய மண் மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எந்த ‘ர’ போடுவது, எந்த ‘ற’ போடுவது என்று இன்றைக்கும் பேனா ஒரு நிமிடம் நின்றுவிடும். போன வாரங்களில் பத்திரிகைக்காரர்கள் பொறுமையாகத் திருத்தி அச்சில் போட்டார்கள். இந்த வாரம் அவர்களுக்கு வேலை கூடுதலாக இருக்கும்.

பட்டினச்சேரியில் ஒரு சாயங்காலம். காத்தமுத்து அண்ணன் தன் வீட்டுக் கொல்லையில் பிளாஸ்டிக் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அதன் சாய்மானத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதுகு என் பக்கம். அந்த முதுகில் ஒரு பழைய வேட்டித் துணி ஒட்டிக்கொண்டிருந்தது. இழுத்தால் தோலோடு வரும்.

நான் கொண்டுபோயிருந்த நல்ல தண்ணீரைச் சொம்பில் மொண்டு, துணி ஊறுகிற வரை சிறுகச் சிறுக ஊற்றினேன். ரொம்ப நேரம் ஆயிற்று. கடைசியில் துணி தானாகவே விட்டது. உள்ளே தோல் அவித்த இறால் நிறத்தில் இருந்தது.

வலிக்கிறதா என்று கேட்டேன். தண்ணீர் விழுவது மட்டும்தான் தெரிகிறது என்றார். ஆனால் நாற்காலியைப் பிடித்திருந்த அவர் விரல்கள் வெளுத்துப்போயிருந்தன.

“நீ சொல்லித்தான் இருப்ப தம்பி,” என்றார், திரும்பாமல். “எங் காதுலதான் ஏறல.”

நான் பதில் சொல்லவில்லை. சொம்பை மறுபடி மொண்டேன்.

அன்று சொல்லாத அந்தப் பதிலைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன். அதை நான் சொல்லாததால், படகு ஓட்டுகிற ஒரு மனிதர் இன்றைக்குக் கடலுக்குப் போகாமல் கரையில் உட்கார்ந்திருக்கிறார்.

மாடியில் என் வேலை

புதிதாகப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். காரைக்கால் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஐந்து நிமிட நடையில் ஒரு செல்போன் கடை. அதற்கு மேல் மாடியில் ஆண்களுக்கான சலூனும் ஸ்பாவும். முதலாளி ரியாஸ் பாய். வளைகுடா நாட்டில் ஓட்டலில் வேலை பார்த்துவிட்டு வந்து ஆரம்பித்தார். முன்பக்கம் முடி வெட்டுகிற பையன்கள். பின்பக்கம் திரை போட்ட இரண்டு அறைகள். அங்கே நான்.

எண்ணெய் தேய்ப்பது, ஆவி பிடிக்க வைப்பது, உடம்பை ஸ்க்ரப் போட்டுத் தேய்த்துப் பழைய தோலை எடுப்பது, இதுதான் என் வேலை. புதுச்சேரியில் ஒரு கடற்கரை ஓட்டலில் துண்டு துவைக்கப் போனவன் நான். எண்ணெய் தேய்க்கிற மலையாளத்துக்காரர் ஒரு தடவை ஊருக்குப் போய்த் திரும்பி வரவில்லை. அவர் வேலை செய்வதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான். அப்படித்தான் இந்தத் தொழில் வந்தது.

எனக்குப் பேச்சு வராது. யாராவது முகத்தைப் பார்த்தால் வார்த்தை தொண்டையிலேயே நின்றுவிடும். இந்த வேலையில் மேசை மேல் படுத்திருப்பவரின் முகம் கீழே பார்த்திருக்கும். அவர் என்னைப் பார்க்க மாட்டார், நானும் அவரைப் பார்க்க வேண்டியதில்லை. இத்தனை வருடம் இதில் நிலைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

என் குரலும் சின்னக் குரல். “செல்வராசு அண்ணன் பேசுறதக் கேக்கணும்னா தனியா ஒரு ஸ்பீக்கர் வாங்கணும்,” என்று ரியாஸ் பாய் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். அவர் என்னிடம் ஒரு நாளில் அதிகமாகச் சொல்லுகிற வார்த்தை “என்ன?” என்பதுதான்.

கை எட்டாத இடம்

எல்லோருடைய முதுகிலும் ஓர் இடம் இருக்கிறது. இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில், உள்ளங்கை அளவு. மேலிருந்து கையை விட்டாலும் எட்டாது, கீழிருந்து வளைத்தாலும் எட்டாது. வீட்டில் யாராவது தேய்த்துவிட்டால்தான் அங்கே எண்ணெய் படும், சோப்புப் படும்.

அந்த இடத்தில் விரல் வைத்தாலே எனக்குத் தெரிந்துவிடும். அங்கே மட்டும் தோல் சொரசொரவென்று வறண்டிருந்தால், அவர் தனியாக இருக்கிறவர். சட்டை எவ்வளவு மடிப்புக் கலையாமல் இருந்தாலும், கையில் எத்தனை மோதிரம் இருந்தாலும், அது மாறாது.

எனக்கும் அங்கே வறட்சிதான். கோவில்பத்தில் ஒரே அறை உள்ள வீட்டில் இருக்கிறேன். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொள்ள நானே ஒரு வழி வைத்திருக்கிறேன். பழைய துண்டின் நடுப்பகுதியை எண்ணெயில் நனைத்து, இரண்டு முனையையும் பிடித்து, முதுகில் வைத்து ரம்பம் அறுப்பதுபோல் இப்படியும் அப்படியும் இழுப்பது. பாதி எண்ணெய் சுவரில் தெறிக்கும். சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு கறை உண்டு.

கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று போன மாதம் ஒரு வாசகர் கடிதம் எழுதியிருந்தார். ஒரே ஒரு தடவை பெண் பார்க்கப் போனோம், நெடுங்காடு பக்கம். மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று பெண்ணின் மாமா கேட்டார். என் அக்கா வீட்டுக்காரர் முந்திக்கொண்டு, மருத்துவ உதவி மாதிரி என்று சொல்லிவைத்தார். மாமா விடவில்லை. மாதிரி என்றால் எப்படி என்று என்னைப் பார்த்தே கேட்டார்.

“எண்ணெ தேச்சு விடுறதுங்க,” என்றேன்.

“யாருக்கு?”

“வர்றவங்களுக்குங்க.”

அதற்குமேல் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பெண் உள்ளேயிருந்து வரவே இல்லை. திரும்பும்போது அக்கா வீட்டுக்காரர் பஸ்ஸில் வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். அதோடு சரி.

உப்பு

விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருடத்து மீன்பிடித் தடைக்காலம். படகுகளெல்லாம் கரையில் நின்றன. ஒரு நாள் புதுச்சேரியிலிருந்து சுகந்தி என்ற பெண் கடைக்குப் போன் செய்தது. அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். தனக்குக் கல்யாணம் என்றும், அப்பாவை அனுப்புகிறேன், வேண்டாம் வேண்டாம் என்பார், விட்டுவிடாதீர்கள் என்றும் சொன்னதாம்.

அப்படித்தான் காத்தமுத்து அண்ணன் வந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். கழற்றிய செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, எங்கே வைப்பது சார் என்று வாசலிலேயே நின்றார். நானும் அவரைச் சார் என்றேன்.

“என்னப் போயி சாருங்கிற. அண்ணேன்னு சொல்லு. எனக்கும் ஒன்னத் தம்பின்னு சொல்ல வசதியா இருக்கும்.”

மேசையில் குப்புறப் படுத்தார். நான் ஸ்க்ரப் ஜாடியைத் திறந்தேன். வாசனை வந்ததும் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

“தம்பி, இது உப்புல்ல?”

ஆமாம், கடல் உப்புதான், எண்ணெயில் கலந்தது என்றேன்.

“முப்பத்தஞ்சு வருசமா இதத்தான் தோலு மேல பூசிக்கிட்டுத் திரியிறேன். அதக் கழுவத் தண்ணியில்லாம சாவுறோம். நீங்க என்னடான்னா மாடி கட்டி, திரை போட்டு, அதையே எடுத்துத் தேக்கிறீங்க.”

சிரித்ததில் மேசையே குலுங்கியது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வேலை நேரத்தில் நான் சிரித்தது எனக்கே புதிதாக இருந்தது.

வெயிலும் உப்பும் ஏறி ஏறி அவர் முதுகு தடித்துப்போயிருந்தது. நடுவில் கை வைத்தபோது அந்த உள்ளங்கை அளவு இடம் மட்டும் இன்னும் வறண்டு இருந்தது. தெரிந்துகொண்டேன். இதை மறந்துவிடாதீர்கள். எனக்குத் தெரிந்திருந்தது.

வழக்கத்தைவிட அழுத்தித் தேய்த்தேன். இவ்வளவு பழைய தோலையும் எடுத்துக் காட்டுகிறேன் என்று என் கைக்கு ஒரு பெருமை வந்துவிட்டது. அவர் தூங்கிப்போனார். முடித்தபோது முதுகு குழந்தைத் தோல் மாதிரி இருந்தது.

சொல்லாமல் விட்டது

இந்த வேலையில் கை செய்வது பாதிதான். வீட்டுக்குப் போனபின் அவரவர் பார்த்துக்கொள்வது மீதிப் பாதி. அதை நாங்கள் வாயால் சொல்லி அனுப்ப வேண்டும். வாசகர்களுக்கும் உதவும் என்பதால் எழுதுகிறேன்.

தோலைத் தேய்த்து எடுத்தபின் மூன்று நாளைக்காவது அது பச்சைத் தோல். காலையும் மாலையும் தேங்காய் எண்ணெய் மெல்லத் தடவ வேண்டும். கை எட்டாத இடத்துக்கு வீட்டில் யாரையாவது தடவச் சொல்ல வேண்டும். நல்ல தண்ணீரில்தான் குளிக்க வேண்டும். கடல் தண்ணீர் ஆகாது, உப்புக் கரிக்கிற போர் தண்ணீரும் ஆகாது. சுடச்சுட ஊற்றக்கூடாது. சோப்பு வேண்டாம். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். வெயிலில் வெறும் உடம்போடு நிற்கவே கூடாது. தோல் எரிந்தாலோ நீர் கோத்தாலோ கை வைத்தியம் பார்க்காமல் டாக்டரிடம் போக வேண்டும்.

இவ்வளவும் எனக்கு மனப்பாடம். இந்த வரிசையில்தான் சொல்வேன். அன்றும் எண்ணெயில் ஆரம்பித்தேன். அவர் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தார்.

“முதுகுக்கு மட்டும் அண்ணியத் தடவிவுடச் சொல்லுங்கண்ணே.”

பித்தான் போட்ட கை நின்றது.

“வூட்டுல யாரு இருக்கா? அவ போயி ஆறு வருசம் ஆவுது.”

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் முகம் சுட்டது. அரை மணி நேரம் முன்பு அந்த வறண்ட இடத்தை என் கையாலேயே தொட்டவன், கிளிப்பிள்ளை மாதிரி வரிசையை ஒப்பித்து அவர் வீட்டு இழவை இழுத்துவிட்டேனே என்று இருந்தது. மீதி எல்லாம் தொண்டையில் நின்றுவிட்டது. தண்ணீர், வெயில், சோப்பு, எதுவும் வெளியே வரவில்லை. அந்த அறையை விட்டுப் போனால் போதும் என்று இருந்தது.

“மூணு நாளக்கிக் கடல்ல எறங்காதீங்கண்ணே,” என்று மட்டும் முனகினேன்.

“தடைக்காலத்துல எவன் எறங்குறான்,” என்று சிரித்துக்கொண்டே போனார்.

வெளியே ரியாஸ் பாய் வழக்கம்போல் கேட்டார், எல்லாம் சொல்லிட்டீங்களாண்ணே என்று. காத்தமுத்து அண்ணன் அப்போது படியில் குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். கூப்பிட்டிருக்கலாம். பத்தடி தூரம்தான்.

நான் தலையை ஆட்டினேன்.

நான் சொன்னபடி நடந்தார்

நான்காம் நாள் சுகந்தியிடமிருந்து போன் வந்தது. பாய் பேசினார். நான் பக்கத்தில் துண்டு மடித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணின் குரல் எனக்கே கேட்டது.

தடைக்காலத்தில்தான் படகுக்குப் பெயிண்ட் அடிப்பார்கள். அவர் மறுநாளே சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு நாள் முழுக்க வெயிலில் நின்று பெயிண்ட் அடித்திருக்கிறார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து போர் தண்ணீரில், துணி துவைக்கிற சோப்பைப் போட்டுக் குளித்திருக்கிறார். பட்டினச்சேரியில் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. நல்ல தண்ணீர் தெருக் குழாயில் காலையில் கொஞ்ச நேரம் வரும், அது குடிக்கவும் சமைக்கவும்தான். அதில் குளிக்க யாருக்கும் தோன்றாது. அடுத்த நாளும் பெயிண்ட், அடுத்த நாளும் அதே குளியல்.

கடலில் மட்டும் அவர் இறங்கவில்லை. நான் சொன்னதை அப்படியே கேட்டிருந்தார்.

“எங்க ஆளு எல்லாத்தையும் சொல்லித்தாம்மா அனுப்புவாரு,” என்றார் பாய். “நான் அப்பவே கேட்டுக்கிட்டேன். அப்பாவுக்குக் காதுல விழலபோல இருக்கு.”

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். சாட்சிக்குப் பார்ப்பதுபோல. நான் துண்டை மடித்தேன். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தேன்.

டாக்டர் களிம்பும் மாத்திரையும் கொடுத்து, நல்ல தண்ணீரில் கழுவி இரண்டு வேளை போடச் சொல்லியிருந்தார். சுகந்திக்குக் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்புதான் லீவு. இடையில் பத்து நாள் இருந்தது. அவரால் சட்டை போட முடியவில்லை. மணவறையில் பெண்ணுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டிய தகப்பன். அக்கம்பக்கத்துப் பெண்கள் களிம்பு போடுவதற்கும் அவர் சம்மதிக்கவில்லை.

“நான் போயிப் பாத்துக்கிறேன் பாய்,” என்றேன்.

“என்ன?”

இன்னொரு தடவை சொன்னேன்.

இரண்டு கேன் தண்ணீர்

காலையில் அவரோடு படகுக்குப் பெயிண்ட் அடித்த பையன் ஒருவன் எப்படியோ களிம்பைத் தடவிவிட்டான். சாயங்காலம் என் பொறுப்பு. கோவில்பத்துக் குழாயில் இரண்டு கேன் நல்ல தண்ணீர் பிடித்து, மொபெட்டில் இரண்டு பக்கமும் கட்டிக்கொண்டு போவேன். முதல் நாள் வழியில் ஒரு போலீஸ்காரர் நிறுத்தினார். எங்கள் ஊர்ப் பக்கம் கேன் என்றாலே வேறு சரக்கு என்றுதான் நினைப்பார்கள். மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். கொஞ்சம் ஊற்றி வாயிலும் வைத்துப் பார்த்தார்.

“நெசமாவே வெறும் தண்ணியா?” என்றார், ஏமாந்தவர் மாதிரி.

கழுவுவேன். ஒற்றி எடுப்பேன். காற்றில் உலரவிட்டு, ஓரத்திலிருந்து நடுவுக்குக் களிம்பு வைப்பேன். துணி ஒட்டாமல் இருக்க, பாயில் வாழைக் குருத்தை விரித்து அதன்மேல் படுக்கச் சொன்னேன். எதிர் வீட்டு அம்மாள் வேலியோரம் நின்று, “மாமாவுக்குப் பொண்ணுக்கு முன்னாடியே சம்பந்தம் முடிஞ்சிட்டாப்ல இருக்கு, தெனம் சாயங்காலம் ஆளு வந்துடுது,” என்று கேலி செய்யும். “நீ போயி ஒலைய வையி,” என்பார் இவர்.

அப்புறம் டீ வரும். அவர் பேசுவார். எந்தக் காற்றுக்கு எந்த மீன் வரும், இஞ்சின் எந்தச் சத்தம் போட்டால் எங்கே கோளாறு, செத்துப்போன அண்ணி எப்படித் திட்டுவார், எல்லாம் சொல்லுவார். நான் கேட்டுக்கொண்டிருப்பேன். இருட்டுகிற வரை இருந்துவிட்டு எழுந்து வருவேன்.

ஆறாம் நாள் சொல்லிவிடுவது என்று போனேன்.

“அண்ணே, அன்னிக்கி நான்...”

“அன்னிக்கி நீ சொன்னத நான் ஒழுங்காக் கேட்ருந்தா, ஒனக்கு இந்த அலைச்சல் உண்டா?” என்றார் அவர். “இஞ்சின் பக்கத்துலயே நின்னு நின்னு காது போச்சு தம்பி. சுகந்தியும் அதத்தான் சொல்லிக்கிட்டிருக்கு.”

களிம்பு டப்பாவைத் திறந்தேன். சொல்லாததற்குக் காரணம் கூச்சம் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். எழுத உட்கார்ந்தபின் அது முழு உண்மை இல்லை என்று தெரிகிறது. அந்தப் பத்து நாளும் சாயங்காலம் ஆனால் எனக்குப் போக ஓர் இடம் இருந்தது. என்னை எதிர்பார்த்து நாற்காலியைத் திருப்பிப் போட்டு வைத்திருக்க ஒரு மனிதர் இருந்தார். சொன்னால் அது போய்விடும். அதனாலும்தான் சொல்லவில்லை.

கல்யாணம்

முதுகு ஆறியது. பட்டுச் சட்டை போட்டுக்கொண்டு மணவறையில் நின்றார். நான் கடைசிப் பந்தியில் சாப்பிட்டுவிட்டு நழுவப் பார்த்தேன். மேடையிலிருந்தே பார்த்துவிட்டு, இறங்கி வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். சம்பந்தி வீட்டாரிடம், இவர் மட்டும் இல்லை என்றால் நான் இன்றைக்குத் துண்டைப் போர்த்திக்கொண்டுதான் நின்றிருப்பேன் என்றார். மாலையும் கழுத்துமாக சுகந்தி என்னைக் கும்பிட்டது.

“ஒரு விசயம் முடிவு பண்ணிட்டேண்ணே,” என்றது. “இனிமே அப்பாவ போட்டுக்கு அனுப்பப் போறதில்ல. பக்கத்துல நின்னு நீங்க சொன்னதே காதுல விழல. நடுக்கடல்ல ஆபத்துன்னு ஒருத்தன் கத்துனா விழுமா?”

காத்தமுத்து அண்ணன் சிரித்துக்கொண்டு நின்றார். அந்தச் சிரிப்பை எனக்குப் பத்து நாளாகத் தெரியும். முதுகில் தண்ணீர் ஊற்றும்போது வலிக்கவில்லை என்பாரே, அதே சிரிப்பு. போட்டோக்காரர் எங்களைப் பார்க்கச் சொன்னார். பார்த்தோம். அந்தப் படம் இப்போது பட்டினச்சேரி வீட்டில் மாட்டியிருக்கிறது. அதில் நானும் இருக்கிறேன்.

கரை

தடைக்காலம் முடிந்தது. படகுகள் போயின. அவர் பெயிண்ட் அடித்த படகை வேறொரு டிரைவர் ஓட்டிக்கொண்டு போனார். மகளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டதால் இவர் போகவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் நான் அவர் வீட்டில் இருந்தேன். படகுகள் ஒவ்வொன்றாகக் கிளம்பிக்கொண்டிருந்தன. எங்களுக்கும் படகுகளுக்கும் நடுவில் தெருவே இருக்கிறது. டீயை ஆற்றிக்கொண்டே அவர் சத்தத்தை வைத்தே ஒவ்வொரு இஞ்சினாகச் சொன்னார். இது இன்னாருடையது, பம்பு மாற்றவில்லை. இது புது வண்டி. இது நம்ம போட்டு. அந்த மூன்றாவதைச் சொன்னபின் டீயைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டார்.

சனிக்கிழமைகளில் இப்போது கடைக்கு வருகிறார். வேலை முடிகிற வரை பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். முதுகுக்கு எண்ணெய் தடவிவிடுவேன். போன மாதம் ஒரு நாள், எழுந்து சட்டையைப் போட்டவர், ஒனக்கு யாரு தடவுறா என்று கேட்டார். துண்டு விஷயத்தைச் சொன்னேன்.

“படு,” என்றார்.

வேண்டாம் என்றேன். எண்ணெய்க் கிண்ணத்தைக் கையில் எடுத்துவிட்டார். அந்த மேசையில் நான் படுத்தது அதுதான் முதல் தடவை. கயிறு இழுத்துக் காய்த்த கை. தேங்காய்நார் மாதிரி இருந்தது. நேராகப் போய் நடு முதுகில்தான் வைத்தார். என் முகம் கீழே இருந்ததால் அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

அன்று சொல்லியிருக்க வேண்டும். அன்றும் சொல்லவில்லை.

நேற்று வந்தபோது அவரே ஆரம்பித்தார். இந்தப் பத்திரிகையில் நான் எழுதுவதை சுகந்தி வாரா வாரம் போனில் அவருக்குப் படித்துக் காட்டுகிறதாம்.

“காது மந்தம்னு நெனச்சிக்கிட்டு அது கத்திக் கத்திப் படிக்கிது. தெருவுக்கே தெரியும் ஒங் கதை,” என்றார். “நம்ம கதைய எப்ப எழுதப் போற?”

இரவெல்லாம் படுத்துப் பார்த்தேன். இன்று கடை இல்லை. நாலு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு ஐந்தாவதில் இதை எழுதுகிறேன். ரியாஸ் பாயிடம் நாளைக்கு நேரில் சொல்ல வேண்டும். அதற்கும் பயமாகத்தான் இருக்கிறது.

சுகந்தி, இந்த வாரமும் நீ அப்பாவுக்குப் படிப்பாய். நடுவில் நிறுத்திவிடாமல் முழுசாகப் படி அம்மா. அன்று மாடியில் நான் அவரிடம் தண்ணீரைப் பற்றிச் சொல்லவில்லை. வெயிலைப் பற்றிச் சொல்லவில்லை. சோப்பைப் பற்றிச் சொல்லவில்லை. எண்ணெய் தடவச் சொன்னதைத் தவிர, கடலில் இறங்காதீர்கள் என்று ஒன்றுதான் சொன்னேன், அதுவும் என் குரலில். அதை அவர் முதல் தடவையிலேயே கேட்டார், கேட்டபடியே நடந்தார். ரியாஸ் பாய் உன்னிடம் சொன்னது பொய் இல்லை, நான் அவரிடம் தலையாட்டியதுதான் பொய்.

வேண்டுமானால் ஒரு காது டாக்டரிடம் காட்டு. அவர் சொல்கிறபடி செய். ஆனால் என்னை வைத்து அவரைக் கரையில் உட்கார வைக்காதே. அடுத்த சனிக்கிழமை அவர் கடைக்கு வராவிட்டால் நான் புரிந்துகொள்வேன்.

இதைப் படிக்கும்போது சத்தம் போட வேண்டாம் அம்மா. மெதுவாகவே படி. அவருக்குக் கேட்கும்.

எழுதியது: கோவில்பத்து, புரட்டாசி மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமை.